மூணு தட்டு

அந்த ஓரத்துல ஒக்காராத தாயி, அந்த பெஞ்சுக்கு ஒரு காலு ஆடும். நேத்து ஒருத்தி காப்பியோட சேந்து விழுந்தா. இங்ஙன எம்பக்கத்துல வா. பைய மடியில வச்சிக்க, கீழ வச்சா கூட்டுறவ வந்து சத்தம் போடுவா. நான் ரெண்டு நாளா இங்ஙனதான் கெடக்கேன், எல்லாம் பாத்தாச்சு. நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாவ. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

உனக்கு உள்ள யாரு, அம்மாவா? எத்தனாம் பெட்டு? பன்னெண்டா. அப்ப உங்க அம்மைக்குப் பக்கத்துல, பதினொண்ணுல, தலையில கட்டுப் போட்டு ஒருத்தி கெடக்கா பாரு. அவ பேரு சொர்ணத்தாயி. பாத்திருக்கியா? சரி, பாக்காட்டி என்ன, பாத்து என்ன ஆவப்போவுது.

எனக்கு அவ என்ன வேணுமா? ஒண்ணும் வேண்டாம். நான் அவளப் பாக்க வரல, இத நீ மொதல்லயே தெரிஞ்சிக்கிடணும். நாளைக்கு நாலு பேரு, சண்முகக்கனி வீராப்பா இருந்தா, கடைசியில ஓர்ப்படியா கால்ல விழப் போயிட்டான்னு பேசக் கூடாது. ஆமா, எம்புருஷனுக்கு அண்ணன் பொண்டாட்டிதான். இருந்துட்டுப் போவட்டும். நான் வந்தது ஒரு பெட்டி விஷயமா. பெட்டின்னா நகப் பெட்டி இல்ல. கம்ப்யூட்டர் பெட்டி. அத எப்படிப் போடுறதுன்னு அவளுக்கு மட்டுந்தான் தெரியும். அத ஒரு வார்த்த கேட்டுட்டா ஆறு மணி பஸ்ஸுக்கு வீரவநல்லூர் போயிருவேன். என் பாடு அவ்வளவுதான்.

அதக் கேக்க ரெண்டு நாளு எதுக்குன்னு பாக்க. உள்ள போயி கேக்க வேண்டியதுதானன்னு நெனைக்க. போக முடியாது தாயி. நான் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு ஆணையிட்டவ. சும்மா வாய்வார்த்தையா இல்ல, இசக்கியம்மன் முன்னால சூடத்த அணைச்சு இட்டேன். பத்தொம்பது வருஷம் ஆச்சு.

அது என்னன்னா, எங்க வீட்டுக்காரரு செத்தப்ப எம்புள்ளைக்கு ஆறு வயசு. இசக்கிராஜுன்னு பேரு, ராசுன்னு கூப்பிடுவோம். பதினாறாம் நாளு கழியல, இவ எங்கிட்ட வந்து சொல்லுதா: "கனி, நீ ஒத்தையில என்ன செய்வ, பீடி சுத்தியா இவனப் படிக்க வப்ப? புள்ளைய எங்கிட்ட குடு, நான் வளக்கேன்." கேட்டியா வார்த்தைய? புருஷன எமன் கொண்டு போயிட்டான், புள்ளைய இவ கொண்டு போகப் பாக்கா. அவளுக்குப் புள்ள கெடையாது. புள்ளையில்லாதவ கண்ணு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நான் விடல. என்ன வார்த்த உண்டோ அவ்வளவும் சொன்னேன். சொல்லக் கூடாததும் ஒண்ணு ரெண்டு வந்திருக்கும். கோவத்துல வாரதுதான. அண்ணைக்கே வீட்டப் பிரிங்கன்னேன். கூடத்துக்கு நடுவுல ஒத்தக்கல்லு சொவரு எழும்பிச்சு. அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நானு. கோயிலுக்குப் போயி சொன்னேன், "தாயே, இனி நான் அவ மூஞ்சியில முழிச்சா அது அவ வாயில அரிசி போடத்தான் இருக்கணும்"னு.

வாய்க்கரிசிதான். புரியுதுல்லா? இப்ப நான் உள்ள போயி அவளப் பாத்தேன்னு வையி. ஆணை பலிச்சிருச்சின்னா? அவ போயிருவா. அவ போனா பெட்டிய யாரு போடுவா? இதுதான் எம்பாடு. போனாலும் கெட்டேன், போகாட்டியும் கெட்டேன்.

தண்ணி இருந்தா ஒரு வாயி குடு. வெந்நியா? பரவால்ல.

ராசு ஜங்ஷன்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில வேலையா இருந்தான். நல்ல வேலக்காரன். தூக்கிப் போட்ட சாமானையெல்லாம் கொண்டாந்து பிரிச்சு மாட்டுவான். ஒரு நாளு டிவிய என்னமோ செஞ்சான், செஞ்சிட்டு "யம்மா, இனி கேபிள் இல்லாட்டியும் ஒனக்குப் படம் வரும்"னான். எங்கருந்துலே வருதுன்னு கேட்டேன். "பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும்மா, அதுல படம் பாட்டு எல்லாம் போட்டு வச்சிருக்கேன். வைஃபைல வரும், ஒயரு வேண்டாம். வெளிய நெட்டு இல்லாட்டியும் இது பாட்டுக்கு வரும்." பக்கத்துலன்னா எங்கன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. எனக்கு வயலும் வாழ்வும் தெரியும், வைஃபை என்னத்தக் கண்டேன்.

அது பழைய பெட்டி. சூடேறிட்டா நின்னுக்கும். டிவியில ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், படம் நகராது. மொதமட்டம் அப்படி ஆனப்ப ராசு என்ன செஞ்சான் தெரியுமா? எழுந்து போயி நடுச்சொவத்துல மூணு தட்டு தட்டுனான். டொக்கு டொக்கு டொக்கு. எண்ணி முப்பதுக்குள்ள வட்டம் நின்னு படம் வந்துட்டு. "இதாம்மா வித்த. நின்னா மூணு தட்டு தட்டு, பொறுமையா இரு, வந்துரும்"னான். சொல்லிட்டு அப்படி ஒரு சிரிப்பு. நானும் பழைய ரேடியோவத் தட்டித்தான கேட்டிருக்கேன், இதுவும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். அதுலருந்து தோசக்கரண்டிய டிவி பக்கத்துலயே வச்சிருந்தேன். தட்டுனா வந்துரும். எங்க வீட்டுச் சொவத்துக்கு அப்படி ஒரு ராசி.

பொறவு எம்புள்ள போயிட்டான். நாலுவழிச்சாலையில, பைக்குல, சாயங்காலம். மூணு வருஷம் ஆச்சு. இருவத்திரெண்டு வயசு. அதப் பத்தி நான் பேசல தாயி, நீயும் கேக்காத.

அந்த எழவுக்கு இவ வரல. சொல்லு, ஒரே கூடத்துல வளந்த புள்ள, ஒத்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா, வரணுமா இல்லையா? வரல. அதாவது, வந்தா. வந்து வாசல்ல நின்னா. நான்தான் தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு ஒரு குத்து மண்ண வாரி அவ மேல தூத்துனேன். "எங்கண்ணு முன்னால நிக்காத, திருப்தியாட்டி ஒனக்கு"ன்னு கேட்டேன். மொகத்த நான் பாக்கல, சேலைய மட்டுந்தான் பாத்தேன், ஆணைக்குப் பங்கமில்ல. ரெண்டு பேரு சேந்து அவளக் கூட்டிட்டுப் போனாவ. அப்படியே போயிட்டா. பாசம் உள்ளவளா இருந்தா மண்ணத் தட்டிவிட்டுட்டு உள்ள வந்திருக்க மாட்டாளா? அதச் சொல்லுதேன்.

அவன் போனு அவனோட நொறுங்கிட்டு. வீட்டுல பள்ளிக்கூடத்துல எடுத்த போட்டோ ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு. ரெண்டுலயும் முறைச்சிக்கிட்டு இருக்கான். எம்புள்ள அப்படிக் கெடையாது, சிரிச்ச மூஞ்சி. ரெண்டு மாசம் நான் டிவியத் தொடவே இல்ல. ஒரு நாளு தூசி தொடைக்கும்போது பித்தான் அமுங்கிட்டு போல, டிவியில வெளிச்சம் வந்துது. அதுல அந்தப் பெட்டியோட படம் இருந்துது. அமுக்குனேன். வரிசையா என்னென்னமோ. ஒண்ணுல எம்புள்ள மூஞ்சி.

அமுக்குனேன், தாயி. "யம்மா, படம் தெரியுதா?"ங்கான். டிவிக்குள்ள இருந்து என்னப் பாத்து கேக்கான். பெட்டி சரியா வேல செய்யுதான்னு பாக்க அவனே எடுத்துருக்கான். போன எங்கயோ சாத்தி வச்சிட்டு, தட்ட மடியில வச்சிக்கிட்டு, உளுந்தங்களி சாப்புடுதான். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஒழுகுது. "யம்மா, படம் தெரியுதா? சத்தம் கேக்கா? கேட்டா சொல்லு." ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்டு. நான் "தெரியுதுய்யா"ன்னேன். தெனமும் சொல்லுவேன். தெரியுதுய்யா, கேக்குய்யா, மெதுவா சாப்புடு.

மெக்கானிக்கு ஒருத்தரக் கூட்டியாந்து கேட்டேன், இது எங்கருந்து வருதுன்னு. அவரு பாத்துட்டு, "இது உங்க வீட்டு வைஃபை இல்லம்மா, அடுத்த வீடு. பெட்டியும் அங்கதான் இருக்கும்"னாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சிது. அந்தக் களி சாப்புடுத எடம் எங்க வீடு இல்லை, பச்சச் சொவரு. அவ அடுப்படி. எனக்குத் தெரியாம அங்க போயி தின்னுருக்கான். கடைசியில ஒரு கை வரும், ஓரத்துல, கண்ணாடி வளையலோட. இன்னும் ஒரு உருண்ட வைக்கும். "போதுமாய்யா?"ன்னு ஒரு கொரலு. நான் பெத்து வளத்து, அவ களியக் கிண்டிப் போட்டு மயக்கியிருக்கா. நான் என்ன செஞ்சேன்னா, காலண்டர் தாளக் கிழிச்சு டிவியில அந்த ஓரத்துல ஒட்டிட்டேன். கை வாரது தெரியாது. கொரலு வாரதுக்குள்ள சத்தத்தக் கொறச்சிருவேன்.

ஆனா பாரு, நான் சொல்லல. மெக்கானிக்கிட்டயும் வாயத் தெறக்காதேயும்னு சத்தியம் வாங்கிட்டேன். அவளுக்குத் தெரிஞ்சா பெட்டியப் புடுங்கி எறிஞ்சிருவாள்லா? மூணு வருஷம் அவளுக்குத் தெரியாம, அவ கரண்டுல, அவ வைஃபைல, எம்புள்ளைய நான் பாத்தேன். திருடுனேன்னே வச்சிக்க. எம்புள்ளதான, எனக்கென்ன வெக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு வரும், ராத்திரி ஒம்பதுக்கு நிக்கும். ஒரு நாளு தப்பாது. அவ எங்கயும் போகவும் மாட்டா. கோவில்பட்டியில சொந்தத் தம்பி மவளுக்குக் கல்யாணம், காலையில போனவ தாலி கட்டுன கையோட பஸ் ஏறி மூணரைக்கு வீட்டுல நிக்கா. பால்காரி பேச்சியம்மாதான் சொன்னா. பந்தியில கூட ஒக்காரலியாம். புருஷனும் போயி ஒத்தையில கெடக்கவ, அப்படி என்னத்தக் காவல் காக்காளோ, சொத்தா கொட்டிக் கெடக்கு?

இன்னொண்ணும் செய்வேன். ராசு பேசுதது அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு சத்தத்தக் கொறச்சே வப்பேன். காத டிவியில ஒட்ட வச்சிக் கேப்பேன். ஒத்தக்கல்லு சொவருல்லா, இருமுனாலே கேக்கும். எம்புள்ள கொரல அவ எதுக்குக் கேக்கணும்?

ஏன் தலையக் குனியுத? உள்ளதத்தான சொல்லுதேன்.

சரி, செவ்வாக்கெழமைக்கு வாரேன். அண்ணைக்கு ராசு பொறந்த நாளு. உளுந்தங்களி கிண்டி வச்சிட்டு நாலு மணிக்கு டிவிக்கு முன்னால ஒக்காந்தேன். வந்துட்டு. "யம்மா, படம் தெ"ங்கான், நின்னுட்டு. வாயத் தெறந்தபடி நிக்கான். வட்டம் சுத்துது. சரின்னு கரண்டிய எடுத்து மூணு தட்டு தட்டுனேன். எண்ணுனேன். முப்பதாச்சு, அம்பதாச்சு. முன்னாலல்லாம் முப்பதுல வந்துரும். இப்ப ரெண்டு வருஷமா மெதுவாயிட்டு, நூறு நூத்தி இருவதுன்னு எண்ண வேண்டியிருக்கு. சொவரும் பழசாயிட்டுதான. இருந்தாலும் அண்ணைக்குப் பொறந்த நாளு, எனக்குப் பொறுக்கல. திரும்பத் தட்டுனேன். திரும்ப. அம்மிக் கொழவிய எடுத்தாந்து தட்டுனேன்னா பாத்துக்க. காரை பேந்து விழுது. வாயத் தெறந்துக்கிட்டு நிக்கான் தாயி, எம்புள்ள, பாதி வார்த்தையில. அத எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?

அப்ப அந்தப் பக்கம் தொப்புன்னு ஒரு சத்தம். சரிதான், இவ்வளவு நாளு சும்மா இருந்தவ இன்னைக்கு எதுத்துத் தட்டுதா, திமிரப் பாருன்னு எனக்கு ஆங்காரம் வந்துட்டு. சொவத்தோட வாய வச்சி ஏசுனேன். ஒம்பது மணி வரைக்கும் ஏசுனேன். அந்தப் பக்கம் மூச்சு இல்ல. வாய் அடங்கிட்டுன்னு நெனச்சேன்.

காலையில பேச்சியம்மா பால் ஊத்த வந்து கதவத் தட்டித் தட்டிப் பாத்துருக்கா. பொறவு கூட்டம், ஆம்புலன்சு. ராத்திரி முழுக்கத் தரையில கெடந்துருக்கா. ஸ்டூலு காலுல இடறி விழுந்துட்டாளாம். அவளுக்குக் கண்ணு தெரியாதாம்ல, எனக்கு அப்பத்தான் தெரியும். சக்கரையில கண்ணு மங்கி ரெண்டு வருஷம் ஆச்சாம், வெளிச்சம் இருட்டுதான் தெரியுமாம். கண்ணு தெரியாதவ எதுக்கு அப்படி அவசரமா எந்திரிச்சி ஓடணும்? ஒக்காந்த எடத்துல ஒக்காந்துருக்க வேண்டியதுதான.

அவ தம்பி வந்து இங்க சேத்துட்டு, சாவிய பேச்சியம்மாட்ட குடுத்துட்டு, திங்கக்கெழம வாரேன்னு போயிட்டான். நான் பேச்சியம்மாட்ட கெஞ்சி அரமணி நேரத்துக்குச் சாவிய வாங்குனேன். ஆணை மூஞ்சிக்குத்தான, வீட்டுக்கு இல்லியே. பத்தொம்பது வருஷத்துக்கு அப்பறம் அந்தப் பக்கத்துக் கூடத்த மிதிச்சேன். பெட்டியத் தேடுனேன். சொவத்த ஒட்டி ஒரு ஸ்டூலு மேல இருந்துது, கருப்பா. மேல ஒரு துண்டு போட்டு மூடி, துண்டு மேல காஞ்ச பிச்சிப்பூ ஒரு மொழம். பக்கத்துல வெள்ளையா இன்னொரு பெட்டி, கொம்பு ரெண்டு வச்சது. எல்லாப் பித்தானையும் அமுக்குனேன். வெளக்கு எரியுது, ஓடி வந்து எங்க டிவியில பாத்தா ஒண்ணும் இல்ல. திரும்ப ஓடுனேன். எட்டு மட்டம் அங்கயும் இங்கயும் ஓடுனேன் தாயி, இந்த மூட்டுவலியோட. திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி, யாரக் கூப்பிட்டு என்னன்னு சொல்ல? மெக்கானிக்கு ஊருல இல்ல, மவ பிரசவத்துக்குப் போயிட்டாரு. எதை மொதல்ல போடணும், எதைப் பின்னால போடணும்னு ராசு அவளுக்குத்தான் சொல்லிக் குடுத்துருக்கான். எனக்குச் சொல்லல, பாத்தியா? பெத்த தாய்க்குச் சொல்லல.

அதுல ஒரு கூத்து கேளு. அவ வீட்டுல டிவியே இல்ல. கண்ணு போனதும் டிவிய பேச்சியம்மாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டாளாம். டிவி இல்லாதவளுக்கு, கண்ணு தெரியாதவளுக்கு, எதுக்கு இந்தப் பெட்டி? கிறுக்கி. ஒரு நாற்காலி கெடக்கு, சொவத்தப் பாத்து. வாசலப் பாத்து இல்ல, சொவத்தப் பாத்து. நம்ம டிவி இருக்குல்லா இந்தப் பக்கம், அதுக்கு நேரா அந்தப் பக்கம். சொவத்துல தலை படுத எடம் எண்ணெய் ஏறி வட்டமா கருத்துருக்கு. பொழுதன்னைக்கும் சொவத்துல காத வச்சிக்கிட்டு என்னத்தக் கேப்பாளோ, என்னமோ.

என்ன, நீ ஒரு மாதிரியா பாக்க. என்ன சொல்லுத? எனக்காகவா? ஏ தாயி, நல்லாச் சொன்ன போ. அவளாவது எனக்காகப் பெட்டி போடுதாவது. நான் பாக்கேன்னே அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவே இல்லைங்கேன். நீ சின்னவ, ஒனக்குத் தாயாதி வம்பு தெரியாது. தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. இதுல ஓர்ப்படியாளாம்.

அந்தா, மணி அடிக்கான். நாலாச்சு. தாயி, ஒனக்குக் கோடி புண்ணியம் உண்டு, எனக்கு ஒரு உபகாரம் செய்யி. உங்க அம்மையப் பாத்துட்டு அப்படியே பதினொண்ணாம் பெட்டுல குனிஞ்சி, காதுல கேளு. பெட்டிய எப்படிப் போடணும், எது மொதல்ல, எது பின்னால. அம்புட்டுதான். நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாத. எம்பேர எடுக்காத. யாரோ கேட்டாவன்னு சொல்லு. பைய இங்ஙன வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன்.

வா தாயி. உங்க அம்மைக்கு எப்படி இருக்கு? கஞ்சி குடிச்சாளா? நல்லது, நல்லது, தேறிருவா. கேட்டியா? பேசுனாளா? கண்ணத் தெறக்கலியா. சரி. ஆனா சொன்னாளா? சொல்லு, மெதுவாச் சொல்லு, நான் மனசுல வாங்கிக்கிடுதேன்.

மொதல்ல வெள்ளப் பெட்டி. பச்ச வெளக்கு நெலையா எரியுத வரைக்கும் இருக்கணும். அவளுக்கு வெளக்கு தெரியாதுல்லா, அதனால அறுவது எண்ணணும். பொறவு கருப்புப் பெட்டி, பின்னால இருக்க பித்தான், முன்னால உள்ளது இல்ல. பின்னாலயா. அதான, நான் முன்னால உள்ளதத்தான் அமுக்கி அமுக்கிச் செத்தேன். வெள்ள, அறுவது, கருப்பு, பின்னால. அம்புட்டுதானா? மகராசியா இருப்ப தாயி. வந்த காரியம் முடிஞ்சிட்டு. ஆறு மணி பஸ்ஸப் புடிச்சா ஏழரைக்குள்ள எம்புள்ளையப் பாத்துருவேன்.

நான் வாரேன்.

என்ன, வேற ஏதும் சொன்னாளா? சொல்லு, ஏன் முழுங்குத.

என்னது?

இன்னொரு மட்டம் சொல்லு.

"வாரேன் கனி, வாரேன். தட்டாத, போட்டுருதேன்." இதையேவா? கண்ண மூடிக்கிட்டு இதையேவா சொல்லிக்கிட்டுக் கெடக்கா? நர்ஸம்மாவும் சொன்னாளா, ராத்திரியெல்லாம் இதேதான்னு? எந்திரிக்கப் பாக்கான்னு கையக் கட்டில்ல கட்டி வச்சிருக்காவளா?

கனின்னா சொன்னா? எம்பேர நீ சொல்லலையே? சொல்லல. சரி.

இரு, நான் கொஞ்சம் ஒக்காருதேன்.

மூணு தட்டு தட்டுவேன். அவ எந்திரிச்சி வருவா. கண்ணு தெரியாம சொவத்தத் தடவிக்கிட்டு வருவா. வெள்ளப் பெட்டிய அமுக்கிட்டு எண்ணுவா. நான் இந்தப் பக்கம் இருந்து எண்ணுவேன், அவ அந்தப் பக்கம் இருந்து எண்ணுவா. முப்பதுல வந்தது நூறாச்சு நூத்தி இருவதாச்சுன்னு சொவத்தக் கொற சொன்னேன் நானு. அவ கண்ணு போயிக்கிட்டு இருந்துருக்கு தாயி. அந்தப் பய சிரிச்சான். மொதமட்டம் தட்டிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சான், எனக்கு இப்பத்தான வெளங்குது எதுக்குச் சிரிச்சான்னு. அவகிட்ட சொல்லி வச்சிருக்கான், "பெரியம்மா, மூணு தட்டு கேட்டா எங்கம்மா கூப்பிடுதான்னு வச்சிக்க"ன்னு. ரெண்டு பேரையும் பேச வச்சிட்டுல்லா போயிருக்கான். மூணு வருஷமா நான் அவளக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துருக்கேன். ஒருக்கா கூட அவ வராம இருக்கல.

செவ்வாக்கெழம நான் கொழவியால தட்டுனேன். அந்தத் தட்டுக்குத்தான் எந்திரிச்சி ஓடியாந்துருக்கா. தொப்புன்னு விழுந்த சத்தம் கேட்டுது தாயி. எங்காதால கேட்டேன். கேட்டுட்டு ஏசுனேன். ஒம்பது மணி வரைக்கும் ஏசுனேன். அவ அந்தப் பக்கம் தரையில கெடந்து எல்லாத்தையும் கேட்டிருப்பா.

டிவி சத்தத்த வேற கொறச்சி வச்சேனே. நாற்காலியப் போட்டு காத வச்சி ஒக்காந்துருந்தவளுக்கு அந்த ஒரு கொரலையும் கேக்க விடலையே. ஆறு வயசு வரைக்கும் அவ இடுப்புலதான் கெடந்தான். எங்கிட்ட பசிக்கு வருவான், தூங்குததுக்கு அவகிட்டதான் போவான். இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

பஸ்ஸா? பஸ்ஸு போவட்டும்.

ஆணைதான் தாயி பயமா இருக்கு. எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும், எங்கிட்ட எடுக்க இன்னும் என்ன இருக்கு. அவளுக்குல்லா ஆகும். அரிசின்னு சொன்ன வாயி என் வாயி. இப்ப நான் போயி அவ மூஞ்சியில முழிச்சி, அம்மன் அதக் கணக்குல எடுத்துக்கிட்டா? நான் இங்க வந்ததே தப்போ? நான் வந்ததுக்கே அவளுக்கு ஏதும் ஆயிருமோ?

நான் ஒண்ணு சொல்லுதேன், சரியா வருமான்னு பாரு. நான் கண்ண மூடிக்கிடுதேன். முந்தானையக் கண்ணுக்கு மேல இறுக்கிக் கட்டிக்கிடுதேன். நீ என் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி அவ கால்மாட்டுல விடு. நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன். காலப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துக்கிடுதேன். அவளும் பாக்க மாட்டா, நானும் பாக்க மாட்டேன், அம்மனுக்கு என்ன கொற சொல்ல இருக்கு? கையக் கட்டி வச்சிருக்கத மட்டும் அவுத்து விடச் சொல்லணும். நான் புடிச்சிக்கிடுவேன், எந்திரிக்க விட மாட்டேன். அக்கா, பெட்டி ஓடுது, படம் தெரியுது, நீ படுன்னு சொன்னா படுத்துக்கிடுவா. நான் சொன்னா கேப்பா.

கட்டிட்டேன். புடி கைய. பைய நட, எனக்கு ஒண்ணும் தெரியல. இப்படித்தான் இருந்துருக்கும் அவளுக்கு.

வாசல் வந்துட்டா? சாத்தியிருக்கா? நேரம் முடிஞ்சிட்டா. சரி, நிப்போம். நர்ஸம்மா தானா வந்து தெறக்கட்டும், எந்நேரம் ஆனாலும் நிப்போம்.

ஏ, கைய எடு. கதவத் தட்டாத தாயி. தட்டுனா அவ எந்திரிச்சிருவா.